சக்கரத்துக்கு ஒரு பேஜர்

டெக்ஸாஸ் ஃபிரிஸ்கோ தமிழர்களிடம் ஷம்சுதீனைப் பற்றிக் கேட்டால், "யாரு, அந்த டிரெய்லர் வாங்கின பாயா?" என்பார்கள். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்கள் மூச்சு விடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம். இடுப்பில் பேஜர், தலையில் ஏகப்பட்ட பொறுப்பு. ஆனாலும் ஊரில் பெயர் நின்றது டிரெய்லரால்தான்.

வாங்கியதற்குக் காரணம் சாப்பாடு. லீவுக்கு எங்கே போனாலும் வழியில் ஹலால் கறி கிடைக்காது. மூன்று வேளையும் மீன் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு வறுவலுமாகத் தின்று நாக்குச் செத்துப்போன மனைவி நசீமா, "அடுத்த தடவ அடுப்போடதான் வருவேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். வேறொருத்தனாக இருந்தால் ஒரு சின்ன கேஸ் அடுப்பு வாங்கியிருப்பான். ஷம்சுதீன் திருச்சி பாலக்கரையிலேயே எதையும் அளவோடு செய்து பழகாதவன். அடுப்பு, கட்டில், கக்கூஸ் சகிதம் நாலு சக்கர டிரெய்லரையும், அதை இழுக்க ஒரு பிக்கப்பையும் வாங்கினான்.

2007 வசந்த விடுமுறையில் முதல் பயணம், கால்வெஸ்டன் கடற்கரைக்கு. டாலஸைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நசீமா, "என்னங்க, பின்னாடி ஏதோ படபடன்னு சத்தம் கேக்குது" என்றாள்.

"குக்கர் உருளும். நீ ஒழுங்கா வச்சிருக்க மாட்ட."

"குக்கர் சத்தம் எனக்குத் தெரியாதாங்க? நிறுத்திப் பாருங்க."

ஃப்ரீவேயில் நினைத்த இடத்திலெல்லாம் நிறுத்த முடியாது என்று அவளுக்குப் பாடம் எடுத்தான். பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையை ஆட்டினார். டெக்ஸாஸ்காரர்கள் எவ்வளவு அன்பானவர்கள் பார் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஷம்சுதீனும் பதிலுக்கு ஹாரன் அடித்துக் கையை ஆட்டினான். அடுத்த லாரிக்காரரும் ஆட்டினார். அவருக்கும் ஒரு சலாம் போட்டான். மூன்றாவது ஆள் ஜன்னலை இறக்கிக் கத்தின பிறகுதான் ஐயாவுக்கு விஷயம் விளங்கியது. பின்சக்கரத்தில் டயரே இல்லை. வெறும் இரும்பு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. கிழிந்த ரப்பர் டிரெய்லரின் அடித்தகட்டைப் பிய்த்து, கேஸ் குழாய்க்கு ஒரு விரல் தூரத்தில் நின்றிருந்தது.

நசீமா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பான். வீடு வந்து சேர்ந்ததும், "இனிமே இதுல நானும் ஏற மாட்டேன், ஆஃபீஃபாவையும் ஏத்த மாட்டேன்" என்றாள். அதன் பிறகு மளிகைக் கடைக்குப் போகும்போதுகூட அவன் பக்கத்தில் உட்காராமல் பின் ஸீட்டில் மகளோடு உட்கார்ந்துகொண்டாள். ஷம்சுதீனுக்கு அதுதான் தாங்கவில்லை. டிரெய்லர் போனால் போகட்டும், கட்டின பெண்டாட்டி தன்னை நம்பி முன்னால் உட்கார மாட்டேன் என்கிறாளே.

நண்பன் பசுபதிதான் வழி சொன்னான். டயர் வால்வில் மூடிக்குப் பதிலாகத் திருகி வைக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறதாம். காற்று இறங்கினால் முன்னால் இருக்கும் பெட்டி பீப் அடிக்கும். "நசீமாகிட்ட சொல்லிப் பாருங்க பாய்" என்றான். ஷம்சுதீனும் சொன்னான். "அது இருந்தா வர்றேன்" என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

அங்கேதான் ஷம்சுதீனின் ஆராய்ச்சி தொடங்கியது. இணையத்தில் டிரெய்லர் வைத்திருக்கும் அமெரிக்கக் கிழவர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். கருவி நல்லது என்று ஒரு கோஷ்டி. கருவி வழியாகவே காற்று கசியும், பணம் கொடுத்துப் பஞ்சர் வாங்குவானேன் என்று இன்னொரு கோஷ்டி. ஷம்சுதீன் காலையில் முதல் கோஷ்டி, மாலையில் இரண்டாவது.

உள்ளுக்குள் அவனுக்கு வேறொரு பயமும் இருந்தது. பீப் சத்தத்தோடு தான் எப்படிக் குடும்பம் நடத்துகிறோம் என்பது அவனுக்கல்லவா தெரியும். பேஜர் கூப்பிட்டால் பாதி நேரம் படிக்காமலே அமுக்கிவிடுவான். நசீமா மிளகாய் தாளித்தால் கூரையிலிருக்கும் புகை அலாரம் அலறுகிறது என்று, குளியல் தொப்பி ஒன்றை அதற்கு மாட்டிவிட்டவனும் அவன்தான். அலாரத்துக்கே தொப்பி போட்ட மகான் இன்னொரு அலாரத்தை வாங்கி என்ன கிழிக்கப் போகிறான்?

"வாங்கப் போறீங்களா இல்லையா?" என்று கேட்டாள் நசீமா.

"ரிசர்ச் பண்ணிட்டிருக்கேன். அந்த மிஷினாலேயே காத்து லீக் ஆகுமாம்."

"என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட இவ்வளவு யோசிக்கல நீங்க."

"அதுக்கு எங்க அத்தா யோசிச்சாங்க."

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டான்.

பள்ளி விடுமுறை விட்டதும் நியூ மெக்ஸிகோ குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். நாலு கருவிகளையும் அவனே தன் கையால் திருகினான். நசீமா முன் ஸீட்டில் ஏறி, பிஸ்மி சொல்லி பெல்ட் போட்டுக்கொண்டாள். ஷம்சுதீனுக்குப் பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினான், அதையும் சகித்துக்கொண்டாள்.

அபிலீன் தாண்டி நல்ல உச்சி வெயில். பெட்டி பீப் அடித்தது. கண் பார்ப்பதற்கு முன்னால் கட்டைவிரல் போய் அமுக்கிவிட்டது.

"ஒண்ணுமில்ல. ஃபால்ஸ் அலாரம். வெயில்ல காத்து சூடாகி பிரஷர் ஏறும், அதான்" என்றான், கேட்காமலே.

பின்னாலிருந்து ஆஃபீஃபா, "அத்தா, இட் செட் லோ. நாட் ஹை" என்றாள்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஷம்சுதீன் அடுத்த விளக்கத்தைத் தேடினான். நசீமா சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. எப்பவுமே கேட்டதில்ல. மிஷின் சொன்னாலாவது கேப்பீங்கன்னுதாங்க இத வாங்கச் சொன்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். அலுத்துப்போய்ச் சொன்னாள். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சிக்னல் போட்டு ஓரம் கட்டினான்.

மூன்றாவது சக்கரம் தொய்ந்திருந்தது. குனிந்து காதை வைத்தான். ஸ்ஸ்ஸென்று மெல்லிய சத்தம். காற்று கசிந்தது டயரிலிருந்து இல்லை, அந்தக் கருவியிலிருந்து. ஆகா, நான் அப்போதே சொன்னேனே! ஷம்சுதீனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குடும்பம் நடத்த ஆரம்பித்ததிலிருந்து இப்படியொரு வெற்றி அவன் கைக்கு வந்ததில்லை. நசீமாவைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

அப்போதுதான் பார்த்தான், கருவி கோணலாக ஏறியிருந்தது. மற்ற மூன்றும் நேராக இருந்தன. திருகிய பொறியாளர் யார் என்று வெளியில் விசாரிக்க வேண்டியதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டான். கருவியைக் கழற்றி நேராக மாட்டி, பம்ப் வைத்துக் காற்று அடித்து, சட்டையெல்லாம் நனைந்து வந்து உட்கார்ந்தான்.

"என்னாச்சுங்க?"

"நான்தான் கோணலா மாட்டிருக்கேன். காத்து போயிருக்கு. அப்படியே போயிருந்தா மறுபடியும் டயர் வெடிச்சிருக்கும்."

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டுச் சொன்னான்:

"இனிமே நீ நிறுத்துன்னா நிறுத்திடுறேன், நசீமா. சத்தியமா. இந்த மிஷின்கூட வேணாம், கழட்டிடறேன்."

நசீமா பாட்டிலை வாங்கி மூடினாள்.

"மிஷின் இருக்கட்டுங்க" என்றாள். "உங்க சத்தியத்துல எத்தன நாளைக்குக் காத்து நிக்கும்னு யாருக்குத் தெரியும்."