சுகுணா அக்காவின் ஹெரால்டு

செவ்வாய்க்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, சுகுணா அக்காவின் கணவர் ரவி அண்ணனிடமிருந்து போன் வந்தது. "சுகுணா போய்ட்டாம்மா. காபி குடிச்சிட்டு உக்காந்தவ எழுந்துக்கவே இல்ல" என்றார். மாரடைப்பாம். வேங்கிக்கால் அலுவலகத்தில் அக்காவோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கும் நான்தான் தகவல் சொன்னேன். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

அக்கா பார்த்த பைல்களின் ஓரத்தில் ஒரு கறுப்பு விரல் தடம் இருக்குமே, அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதிகாரி ஒருவர் கேட்டதற்கு, "மை இல்ல சார், கிரீஸ். எவ்ளோ தேய்ச்சாலும் போவல" என்று பெருமையாகச் சொன்னார். கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு அடியில் கிடந்த பழைய ஹெரால்டு காரை வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் ஒன்பது வருடம், ஞாயிறு தவறாமல் அதோடு மல்லுக்கட்டினார். அந்தக் காரின் முன்பக்கம் முழுவதும் அப்படியே மடங்கித் திறக்கும். அக்கா டயர் மேலேயே ஏறி உட்கார்ந்து வேலை செய்வார். சீட்டைப் பிரித்தபோது மல்லாட்டைத் தோல் முறம் முறமாக வந்தது. அதற்குத் தன் பழைய பச்சைப் புடவையில் உறை தைத்தார். மீட்டருக்குப் பின்னால் தையல் மிஷின் விளக்கைப் பொருத்தினார். ஒரிஜினல் கெட்டுவிட்டதே என்று பழைய கார்ப் பிரியர் ஒருவர் அங்கலாய்த்தார். "ஒரிஜினலாவே இருக்க அது இன்னா சிலையாங்க? வண்டி" என்றார் அக்கா.

அந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த காலம், அது ஓடாத காலம். இன்ஜின் இல்லை, கண்ணாடி இல்லை, சக்கரம்கூட இல்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத என்னை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கிரிவலப் பாதையில் போவதாகவே வழி சொல்லிக்கொண்டு வருவார். "அக்னி லிங்கம் வந்தாச்சு. மெதுவா போ. இடது பக்கமே ஓட்டு, மலையோரமா சித்தருங்க நடப்பாங்க." நான் ஸ்டியரிங்கைத் திருப்புவேன். "நிருதி லிங்கத்துல தூறுது பாரு" என்பார். எனக்கும் கை ஈரமாவது போல இருக்கும். ஒருநாள் வாயு லிங்கம் தாண்டியதும் தூங்கிப்போனேன். "டிரைவரே தூங்கினா வண்டி இன்னா ஆவறது?" என்று தோளில் தட்டினார். ஈசான்ய லிங்கத்தில் இறங்கும்போது, பக்கத்தில் வைத்திருந்த டீ ஆறிப்போயிருக்கும்.

விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். இன்ஜின் உறுமிய அன்று அக்கா சாவியை என் கையில் வைத்தார். கண்நோயால் பக்கப் பார்வை குறைந்துகொண்டே வந்ததை என்னிடம் மூன்று வருடமாக மறைத்திருக்கிறார். "இனிமே நான் ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரே ஒரு சுத்து, நீ கூட்டிட்டுப் போ" என்றார். டிரைவர் யாரையாவது வைத்துக்கொள்ளலாமே என்றேன். "வேற யாருக்கு அந்த ரோட்ல நம்ம வண்டி பழக்கம்?" என்று கேட்டார்.

பயிற்சிக்குப் போனேன், லைசென்ஸும் வாங்கினேன். தைரியம்தான் கம்மி. மழை விடட்டும் என்றேன். பௌர்ணமிக் கூட்டம் கலையட்டும் என்றேன். அக்கா ஒருமுறைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் என்மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு மணி நேர வேலை அது.

காரியம் முடிந்த மறுநாள் ரவி அண்ணன் சாவியோடு வந்து நின்றார். இந்த முறை சாக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை இடப்பக்கம் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே திரும்ப வேண்டும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. கோயில் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் ரவி அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்ததே இல்லை. அடி அண்ணாமலை அருகே மலை முழுதாகத் தெரிந்தபோது அவர் கேட்டார்: "நான் கடைக்குப் போன நேரத்துல, ஒரு தடவையாச்சும் அவ இதுல மலைய சுத்தினாளாம்மா?"

அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது, அப்போது அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான்.

"நிறைய தடவைண்ணே" என்றேன். "நான்தான் ஓட்டினேன்."