பாயைத் தட்டிக் காட்டினார்

1983 ஐப்பசியில் தேவதாஸைப் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து, இனி வைத்தியமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தொண்டைப் புற்று கழுத்தில் புண்ணாக உடைந்திருந்தது. குரலும் போய்விட்டது. மனைவி சூசையம்மாள் காலையில் படகேறி, பழவேற்காட்டில் நண்டு விற்றுவிட்டு, ஏரிக்குள் தீவாக இருந்த பசியாவரத்துக்குத் திரும்பியதும் புண்ணைக் கழுவிக் கட்டுவாள்.

பழவேற்காட்டு நர்ஸ் ரோஷன் பீவி அவ்வப்போது வந்து பார்த்தாள். ஒருநாள் தேவதாஸின் பக்கத்தில் சூசையம்மாளையும் அவர் தம்பி தானியேலையும் உட்காரவைத்தாள்.

"புண்ணுல ரத்தக்குழாய் அறுந்தா ரத்தம் கொட்டும். ஏரியத் தாண்டறதுக்குள்ளயே முடிஞ்சிடலாம். அப்போ இன்னா பண்றதுன்னு இப்பவே பேசி வெச்சுக்கலாம். அண்ணே, நீங்க இன்னா நினைக்கிறீங்க?"

தேவதாஸ் படுத்திருந்த பாயைத் தட்டிக் காட்டினார். இங்கேயே.

"சும்மா பார்த்துனு இருக்கச் சொல்றியா? என் படகு இருக்குது, நான் தூக்கினு போவேன்!" தானியேல் கத்தினான்.

"நடு ஏரில உசுரு போனா இன்னா பண்ணுவ தம்பி?" என்றாள் சூசையம்மாள்.

அவன் அழுதான். பேசிப் பேசிக் கடைசியில் தலையாட்டினான். ரத்தம் கண்ணில் படாமலிருக்கக் கறுப்புப் போர்வை ஒன்றைப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ்.

மார்கழியில் ஒரு மத்தியானம் கட்டு நனைந்தது. அழுத்திப் பிடித்த சூசையம்மாளின் விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. பேசி வைத்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"தானியேலு, படகை எடு! எடுய்யா!"

ஓடிவந்தவன் அண்ணனின் தலைமாட்டில் மண்டியிட்டான். "அண்ணா, போலாமா?"

தேவதாஸ் கண்ணைத் திறந்தார். மனைவியின் கையைப் பிடித்துப் பாயோடு அழுத்தினார். விடவில்லை.

தானியேல் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் போர்வையைச் சுற்றினான். அடுப்பிலிருந்த உலை கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஆரம்பாக்கத்திலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "படகு கரையிலதான கட்டியிருந்துச்சு? ஏன் ஏத்தல?"

"நான்தான் வேணாம்னேன்" என்றான் தானியேல்.

"இல்லக்கா" என்றாள் சூசையம்மாள். "அவரும் நாங்களும் சேர்ந்து எடுத்த முடிவு. படகை எடுன்னு கத்தினது மட்டும் நான்."

நாத்தனார் சாப்பிடாமல் கிளம்பினாள். தானியேல்தான் அவளைப் படகில் அக்கரை சேர்த்துவிட்டு வந்தான்.

"நாம செஞ்சது சரிதானா தம்பி?"

"தெரில அண்ணி."

ஆறிப்போன சோற்றை இரண்டு தட்டில் போட்டு அவள் உட்கார்ந்தாள்.