கேட்காமல் எழுதிய ஜெபக்கடிதம்

அன்பான சகோதர சகோதரிகளே, ஒரு சகோதரிக்காக ஜெபிக்கும்படி உங்களிடம் கேட்டேன். அப்படிக் கேட்டதாலேயே அவருடைய உயிருக்கு ஆபத்தை வருவித்தேன். அந்த ஆபத்திலிருந்து ஆண்டவர் எங்களை மீட்ட விதத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் என் பெற்றோரின் வீட்டில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். சாம்பியாவிலிருந்து எங்கள் சபையின் பாஸ்டர் அழைத்தார்.

"கிரேஸ் அடுப்பு நெருப்பில் விழுந்துவிட்டார். இடது கை வெந்துபோயிற்று. உயிர் தப்பியது. ஆனால் மாத்திரை வேண்டாம் என்கிறார். காரணம் உங்கள் கடிதம், அம்மா."

நானும் என் கணவர் யோசுவாவும் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளைகள். நான் சமூகப்பணி படித்தவள். ஆறு ஆண்டுகளாகக் கிழக்குச் சாம்பியாவின் ஒரு சிற்றூரில், பாப்டிஸ்ட் சபையில், எங்கள் இரண்டு பிள்ளைகளோடு ஊழியம் செய்கிறோம். அவர் பிரசங்கிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். நான் பெண்கள் ஐக்கியத்தோடு வேலை செய்கிறேன். அந்த ஐக்கியத்தின் தலைவி கிரேஸ். காலையில் தெருவோரத்தில் மாவுருண்டைகளை எண்ணெயில் பொரித்து விற்பார். என் பிள்ளைகள் அந்தப் பணியாரத்தைத் தின்றே வளர்ந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் வைத்து அவருக்கு வலிப்பு வந்தது. தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருவருக்கும் தெரியக்கூடாது" என்றார். நான்தான் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மாத்திரைகள் நோயைக் கட்டுப்படுத்தின. ஆனால் அந்த நோய் எச்சிலால் பரவும், சமைத்த கையால் பரவும் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கில்லை. வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணித்துவிட்டு, பிறகு அந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்கியவர்கள்தானே நாமும்.

ஏப்ரலில் விடுப்பில் ஜெர்மனிக்கு வந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு சபைக்குப் போய் ஊழியத்தைப் பற்றிச் சொல்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெபக்கடிதமும் அனுப்புவோம். அந்த முறை "நோயுற்ற ஒரு சகோதரிக்காக" என்று மட்டுமே எழுதியிருந்தேன். இங்குள்ள தமிழ் ஜெபக்குழுவை நடத்தும் ராணி அக்கா அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, 'ஒரு சகோதரி' எண்டால் ஆருக்கெண்டு ஜெபிக்கிறது? பேரையும் படத்தையும் போடுங்கோ. முகத்தைப் பார்த்தால்தான் ஜெபிக்க மனசிலை பாரம் வரும்."

அது எனக்குச் சரியென்று பட்டது. பெயரையும் நோயையும் எழுதினேன். கிரேஸ் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தையும் சேர்த்தேன். தமிழிலும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் கடிதம் போயிற்று. ஜெர்மனியில் படிக்கும் ஒரு சாம்பியப் பெண் ஏதோவொரு சபையில் அதைப் பார்த்திருக்கிறாள். தன் ஊர்க்காரியை அடையாளம் கண்டு, மனமிரங்கி, தாயை அழைத்து, "கிரேஸுக்காக ஜெபியுங்கள்" என்றிருக்கிறாள். அவளிடம் குற்றமில்லை.

செய்தி ஊரெங்கும் பரவி, ஒரு வாரத்துக்குள் பணியாரம் வாங்க ஆளில்லை. ஐக்கியத்தில் கிரேஸின் தட்டைத் தனியே வைத்தார்கள். அவர் தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். கிளினிக் வாசலில் நின்றால் கடிதம் உண்மை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மாத்திரை வாங்குவதையும் நிறுத்தினார். பிறகுதான் அந்த நெருப்பு.

யோசுவாவிடம் சொன்னேன்.

"நீர் பேரோடையே எழுதினனீர்?"

"ஓம்."

"படமும்?"

"ஓம்."

"போன கிழமை பிள்ளையளின்ரை பள்ளிக்கூட விழாவிலை படம் எடுக்க எங்களிட்டைக் கையெழுத்துக் கேட்டவை. நீர் ரெண்டு தரம் வாசிச்சுப் பார்த்துத்தானே போட்டனீர்?"

ஜெர்மனியில் வேலை செய்த காலத்தில், உதவி நாடி வந்தவர்களின் பெயரை நடைவழியில்கூட நான் உச்சரித்ததில்லை. கிரேஸிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை? ஜெபத்துக்குத்தானே என்று நினைத்தேன். அது மட்டும்தானா? ஏழைப் பெண்ணொருத்தியின் வேதனையைக் கேளாமலே பகிர்ந்துகொடுக்கும் உரிமை, உதவி செய்பவளுக்கு உண்டு என்று உள்ளூர எண்ணியிருந்தேனா? இந்தக் கேள்வி என்னை உறங்க விடவில்லை.

கிரேஸை அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. பதினொரு நாள் அழைத்தேன். மாத்திரையில்லாத ஒவ்வொரு நாளும் இன்னொரு நெருப்பு நாள். நானோ, "ஆண்டவரே, ஊர் இதை மறந்துபோகட்டும்" என்று ஜெபித்தேன். அது கிரேஸுக்கான ஜெபமல்ல, எனக்கான ஜெபம் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ராணி அக்கா எழுந்து வந்து என்னருகில் அமர்ந்தார். "பேரைக் கேட்டது நான்தானே, தங்கச்சி. அரைவாசிப் பிழை என்ரை."

ஓர் அண்ணர் குழம்பிப்போய், "அப்ப இனி என்னெண்டு ஜெபிக்கிறது? பேர் சொல்லவே பயமாக்கிடக்கு" என்றார்.

"பேர் ஆண்டவருக்குத் தெரியும், அண்ணை. நீங்கள் கண்ணை மூடுங்கோ" என்றார் ராணி அக்கா.

அன்று பெயர் சொல்லாமல் ஜெபித்தோம். என் ஜெபம் அங்கேதான் மாறியது. "மறைத்துவிடும்" என்று கேட்ட என் வாய், "சொல்லப் பலம் தாரும்" என்று கேட்டது.

பெண்கள் ஐக்கியத்தின் முன் தொலைபேசி வழியாக மன்னிப்புக் கேட்கலாமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். அங்கே தவறு செய்தவர் தானாகப் போய் நிற்பதில்லை. நடுவராக ஒருவர் முன்னே போக வேண்டும். "அப்படியானால் உங்கள் மனைவி எனக்காகப் போகட்டும். முதலில் கிரேஸிடம் கேட்கட்டும். அவர் வேண்டாம் என்றால் நான் வாய் திறக்க மாட்டேன்" என்றேன்.

மூன்று நாள் பதிலில்லை. நான்காம் நாள் கிரேஸின் பதில் வந்தது: "பேசட்டும். ஆனால் நானும் அங்கே இருப்பேன்."

சனிக்கிழமை வீடியோ அழைப்பில் பாஸ்டரின் மனைவி தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார். முப்பது பெண்கள் பாய்களில் அமர்ந்திருந்தார்கள். கிரேஸ் கையில் கட்டுடன் வாசலருகே தனியே இருந்தார். நான் கெல்சென்கிர்ச்சன் வீட்டின் தரையில் முழங்காலிட்டு, அவர்களுடைய வழக்கப்படி உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டி வணங்கினேன். "அவருடைய இரகசியத்தை அவரைக் கேளாமல் நான் வெளியே சொன்னேன். வெட்கப்பட வேண்டியவள் நான். இந்த நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாது. ஆறு ஆண்டுகளாக என் பிள்ளைகள் அவர் கையால் உண்டார்கள்" என்றேன்.

எஸ்தர் எழுந்தார். பாடகர் குழுவில் முதல் குரல் யாருக்கு என்று கிரேஸோடு ஓயாமல் மோதுபவர் அவர். கிரேஸைத் தாக்கிப் பேசப்போகிறார் என்றே நினைத்தேன்.

"என் மூத்த மகளுக்கும் இதே நோய்தான்" என்றார் எஸ்தர். "ஏழு வருடமாக வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்." நேரே போய்க் கிரேஸின் பக்கத்தில் அமர்ந்தார். "திங்கட்கிழமை அந்தக் கிளினிக்கை எனக்குக் காட்டு. நீயும் மாத்திரை வாங்கு. இன்னொன்றும் சொல்கிறேன். உன் பணியாரத்தை நான் வாங்காததற்கு நோய் காரணமில்லை. நீ மாவில் சோடாவை அள்ளிப் போடுகிறாய்."

முதலில் சிரித்தது கிரேஸ்தான்.

எஸ்தருக்கு அப்படியொரு மகள் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் கேட்கத் தெரியாத உதவியை ஆண்டவர் அனுப்பினார். திங்கட்கிழமை கிரேஸ், எஸ்தர், அந்த மகள் மூவரும் ஒரே பேருந்தில் கிளினிக்குக்குப் போனார்கள். அன்றிலிருந்து கிரேஸ் ஒரு நாளும் மாத்திரை தவறவில்லை. வலிப்பும் வரவில்லை.

இதனால் என் தவறு நன்மையாகிவிடாது. கிரேஸின் கை இன்னும் முழுதாய் நீளுவதில்லை. சிலர் இன்றும் அவரிடம் வாங்குவதில்லை. ஆனால் அவர் என்னோடு பேசுகிறார். ஜனவரியில் நாங்கள் திரும்பிப் போகும்போது அந்த ஊரில் எங்களுக்கு முகம் கொடுக்க ஒருவர் இருக்கிறார். இப்போது ஒருவரைப் பற்றி எழுதினால், அவருக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்புவதில்லை. இந்தச் சாட்சியையும் கிரேஸுக்கும் எஸ்தருக்கும் எஸ்தரின் மகளுக்கும் அவர்களுடைய மொழியில் வாசித்துக் காட்டினேன். இங்குள்ள பெயர்கள் அவர்களே தெரிவுசெய்த மாற்றுப் பெயர்கள். கிரேஸ் ஒரு வரியை நீக்கச் சொன்னார், நீக்கினேன்.

தவறு செய்துவிட்டு, அதை வெளியே சொன்னால் எல்லாம் இடிந்துபோகும் என்று அஞ்சி இருக்கும் எவரும் உங்களில் இருந்தால், என் ஆண்டவரை நம்புங்கள். மறைக்க உதவும்படி நான் கேட்டபோது அவர் மௌனமாயிருந்தார். உண்மையைச் சொல்லப் பலம் கேட்டபோது, எனக்கு முன்னே போய் நின்றார். அவருக்கே நன்றி.

உங்களிடம் எதற்காக ஜெபிக்கச் சொல்லட்டும் என்று இம்முறை கிரேஸிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"என் நோய்க்கு மாத்திரை இருக்கிறது. வானத்துக்கு இல்லையே. சோளம் விதைத்திருக்கிறோம். மழைக்காக ஜெபிக்கச் சொல்."