சித்தேரியில் ஒரு நாள் குடித்தனம்

பழைய வேன் ஒன்றை வாங்கி அதற்குள் ஒரு வீட்டை நுழைத்துவிடலாம் என்ற யோசனை எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் வந்தது. அதே வயதில் என் நண்பர்களுக்குச் சர்க்கரை வந்தது. இரண்டில் எது மேல் என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

பயண நூல்களைப் படித்துக் கெட்டுப்போனவன் நான். ஒட்டகத்தில் பாலைவனம் கடந்தவர்களோடெல்லாம் தருமபுரியில் ஈசிசேரில் சாய்ந்தபடியே போய்வந்திருக்கிறேன். வேனுக்குள் ஒரு பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன், கை கழுவ ஒரு தொட்டி, தொட்டியின் குழாய் போய் முடிய ஒரு பக்கெட். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பயந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டும்படி செய்தேன். கழிப்பறைகூட உண்டு. அதைத் திறக்கக் கட்டிலை மடிக்க வேண்டும். கட்டிலை மடிக்க ஒருவர் கீழே இறங்க வேண்டும். இறங்கியவர், எப்படியும் வெளியேதான் நிற்கிறோம் என்று புதரைத் தேடிப் போய்விடுவார்.

ஆறு மாதம் அது வாசலிலேயே நின்றது. மனைவி அதன் மேல் போர்வை காயப்போட்டாள். பிறகு வாங்குவதற்கு ஒருவரையும் பிடித்துவிட்டாள். பூ வியாபாரி, மார்க்கெட்டுக்குச் சாமந்தி ஏற்ற வண்டி தேடிக்கொண்டிருந்தவர். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

நான் கெஞ்சினேன். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. மாணவர்களுக்கு மறுதேர்வு வைக்கும் பழக்கம் உள்ளவள். காலாண்டு விடுமுறை வேறு.

“ஒரே ஒரு தடவ வர்றேன். புடிக்கலைன்னா திங்கட்கிழம வண்டி அவருது. அப்பறம் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கக் கூடாது” என்றாள்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். தீர்த்தமலை அடிவாரத்தில் வேனை ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து, கவித்துவமாக அடுப்பைப் பற்றவைத்தேன். பால் பொங்குவதற்குள் மலையிறங்கி வந்த நாலு பேர் முன்னால் நின்றார்கள். அதில் ஒருவர் ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை கம்மி என்றார். கடை இல்லை என்று நான் விளக்கியதும், அப்புறம் எதுக்கு ரோட்டோரத்தில் அடுப்பு வைத்திருக்கிறாய் என்று நியாயமாகவே கோபப்பட்டார். மனைவி ‘ம்’ என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் அந்த ‘ம்’மின் நீளத்தை அளக்கக் கற்றிருக்கிறேன். இது நடுத்தர நீளம்.

அரூர் வழியாகச் சித்தேரி மலையேறினோம். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் பாத்திரங்கள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் குடிபெயர்ந்தன. மேலே ஊருக்குள் ஒரு வீட்டை அடுத்து வெட்டவெளி இருந்தது. வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒரு நாள் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமா நிறுத்துங்க என்றார். நான் நாற்காலிகளை விரித்தேன். கண்ணெதிரே சாமை வயல், அதற்கப்பால் மலை. இனி என் தரப்பு வாதத்தை மலையே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அந்த வீட்டு அம்மா வந்தார். எங்கள் வயதுதான். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். மெத்தை, தலையணை, பாத்திரம், கொடியில் தொங்கும் என் துண்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மனைவியின் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

“பசங்க எத்தினி பேருங்க?”

“ஒரே பையங்க. பெங்களூர்ல வேல.”

“கல்யாணம் ஆச்சுங்களா?”

“ஆச்சு. ரெண்டு வருசம்.”

அந்த அம்மா மெதுவாகத் தலையாட்டினார். “மருமவ ஒத்துக்கலீங்களா?”

எங்களுக்குப் புரிவதற்குள் அவர் போய்க் கணவரைக் கூட்டி வந்துவிட்டார். அவர் என்னை மாட்டுப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தம்பி திருப்பூரில் இருக்கிறான், அவன் வீடு சும்மாதான் கிடக்கிறது, மனசு ஆறும்வரை எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்றார். பையன் நம்பரைக் கொடுத்தால் தானே பேசுவதாகவும் சொன்னார்.

சண்டை எதுவும் இல்லை, தருமபுரியில் சொந்த வீடு இருக்கிறது, மாடியும் உண்டு என்றேன். பேசப்பேச அவர் கண்ணில் இரக்கம் கூடிக்கொண்டே போனது.

“வூடு இருக்குதுன்றீங்க. அப்பறம் ஏனுங்க வண்டில படுக்கறீங்க?”

இத்தனை புத்தகம் படித்த தைரியத்தில் சுதந்திரம் என்று ஆரம்பித்தேன். மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன்.

அங்கே அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து படுங்கள், பனி இறங்கும், பொம்பளை இப்படி ரோட்டில் கிடக்கலாமா என்று. என் மனைவிக்கு மானம் பெரிது. மகன் துரத்திவிட்ட தாயாக ஒரு மலைக்கிராமத்தில் நிற்க நேர்ந்ததை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். பூ வியாபாரி என் கட்டிலைக் கழற்றி வாசலில் போடுவது கண்முன் தெரிந்தது.

மனைவி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அதே கையால் அந்த அம்மாவை வேன் பக்கம் இழுத்தாள்.

“அக்கா, எங்க வூடு இதுதான். நீங்க மொதல்ல உள்ள வாங்க. டீ போடறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘உங்க வேன்’, ‘உங்க கனவு’ என்றெல்லாம் இதுவரை சொல்லியிருக்கிறாள். எங்கள் வீடு என்று சொன்னதில்லை.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு முறை எம்பிப் பார்த்தார். பின்னாலேயே கணவரும் ஏறியதும் வேன் ஒரு பக்கம் சாய்ந்தது. மனைவி இஞ்சி தட்டினாள். எங்களிடம் இருந்தது இரண்டு டம்ளர். விருந்தாளிகளுக்கு அவை போக, அவள் கிண்ணத்தில் குடித்தாள், நான் பால் பாத்திரத்தில் குடித்தேன். தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று அந்த அம்மா கேட்டார். பக்கெட்டைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னார்:

“நமக்கும் இப்பிடி ஒண்ணு வாங்கிப் போடுங்க. உங்களோட சண்ட வந்தா நான் இதுல வந்து படுத்துக்கறேன்.”

“அப்ப நீ வூட்டுக்கு எப்பதான் வருவ?” என்றார் அவர்.

மனைவி சிரித்தாள். இருட்டுவதற்குள் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் தூக்குவாளியில் வந்தன. எங்களை வீட்டுக்குள் கூப்பிடுவதை மட்டும் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். மகன் நம்பரையும் கேட்கவில்லை.

படுத்த பிறகு, ஆளுக்கு ஒன்றரை அடி அகலத்தில், மனைவி கூரையைப் பார்த்துப் பேசினாள்.

“கல்யாணமாகி நாம எந்த ஊருக்குப் போனாலும், காதுகுத்தோ கருமாதியோ, நீங்க வெளிய சேர் போட்டு ஒக்காந்துக்குவீங்க. நான் யார் வூட்டு அடுப்பாங்கரையிலயாவது வெங்காயம் உரிச்சிட்டிருப்பேன். ஊருக்கு வந்து என் அடுப்புல, எனக்குப் புடிச்சவங்களுக்கு டீ போட்டது இன்னிக்குத்தான்.”

நான் போர்வையை அவள் பக்கம் இழுத்துவிட்டேன். ஏதாவது சொன்னால் கெடுத்துவிடுவேன்.

மறுநாள் மலையிறங்கி அரூர் வந்ததும் மனைவி போனை எடுத்துப் பூ வியாபாரியைக் கூப்பிட்டாள். விக்கறதா இல்லீங்கண்ணா என்றாள். அவர் கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்க வேண்டும். அதுக்கில்லீங்க என்று வைத்துவிட்டாள். நான் பரம யோக்கியன்போல ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

தருமபுரி ரோடு பிரியும் இடம் வந்தது. திரும்புவதற்குச் சிக்னல் போட்டேன்.

“எங்க போறீங்க?” என்றாள்.

“வீட்டுக்கு.”

“பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் நாலு நாள் இருக்குது. திருவண்ணாமல ரோட்டுல போங்க.”

சிக்னலை அணைத்தேன்.