நான் தேய்த்த சக்கரத்தைத் தேடி: ஆவடி முதல் குமணன்சாவடி வரை

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். மாங்காடு கோயிலுக்குப் போய்வந்ததை எழுதியபோது நிறையப் பேர் பகிர்ந்தீர்கள், சந்தோஷமாக இருந்தது. இது அப்படிப்பட்ட பயணம் இல்லை. போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் டர்பைன் சக்கரங்களைச் சமன் செய்கிறார். பெரிய ஜெனரேட்டரின் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் சக்கரம் அது. டிபன் தட்டு அளவுதான் இருக்கும், சுற்றிலும் பதினொரு பிளேடுகள். ஒரு பக்கம் கனம் கூடினால் அதிரும் என்பதால், கனமான இடத்தைத் துளித்துளியாகத் தேய்த்து, திரையில் எண் பச்சையாகும்வரை இறக்குவார்கள். சனிக்கிழமைகளில் நானும் போவேன்.

போன சனிக்கிழமை அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தொட்டேன். சக்கரத்தின் நடுவில் புடைத்திருக்கும் கொண்டையில் எவ்வளவு தேய்த்தாலும் எண் இறங்கவில்லை. பிளேடு வட்டோடு சேருகிற வளைவில் கிரைண்டரை வைத்தேன். உடனே பச்சை. அப்பா வந்து திரையைப் பார்த்தார். “அட, நீயாம்மா முடிச்ச? என் கண்ணு!” என்று சிரித்துக்கொண்டே சக்கரத்தில் தன் தொழிலாளி எண்ணைப் பொறித்து அனுப்பிவிட்டார்.

நேற்று மாலை அவருக்கு டிபன் கொண்டுபோனபோது சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். எப்போதும் அங்கேதான் இருக்கிறது, நான்தான் படித்ததில்லை. அந்த வளைவைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘இங்கே தேய்க்கவே கூடாது.’

பிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று முறை கணக்குப் போட்டேன். ஒரு பிளேடின் எடை இருபது கிராம். முழு வேகத்தில் அது வெளியே இழுக்கும் விசை அரை டன்னுக்கு மேல். அவ்வளவையும் தாங்குவது அந்த வளைவுதான். அது மெலிந்தால் அங்கே விரிசல் விடும். சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் விரிசல் கொஞ்சம் நீளும். சமன் சரியாக இருப்பதால் முன்கூட்டி அதிர்வுகூட வராது.

டெலிவரி சீட்டில் குமணன்சாவடியில் ஓர் ஐஸ் கம்பெனி என்று இருந்தது. இன்று வயிற்றுவலி என்று பொய் சொல்லி 12.40க்குப் பள்ளியிலிருந்து கிளம்பினேன். ஆவடியிலிருந்து கரையான்சாவடி வரை ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய், சுமார் ஒன்பது கிலோமீட்டர். பருத்திப்பட்டு ஏரி வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. கரையான்சாவடி வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா பாப்பா, எறங்கறியா, இல்ல வண்டிய உன் பேருக்கு எழுதிக் குடுக்கட்டா?” என்றார் டிரைவர்.

அங்கிருந்து பத்து நிமிட நடை. ஐஸ் கம்பெனியின் பின்புறம் ஜெனரேட்டர் அறை. அதைப் பார்த்துக்கொள்ளும் மோகன் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஐஸு வாங்க வந்தியா? கட்டி ஐஸு தான் கீது, குச்சி ஐஸு கெடியாது.”

நாற்காலி, ஜெனரேட்டரில் மாட்டியிருந்த என் சக்கரத்தின் விளிம்புக்கு நேராக இருந்தது. பிளேடு பிய்ந்தால் பறக்கிற திசை.

“அண்ணா, இந்தச் சேரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்.”

“ஏன், வாஸ்து சரியில்லியா?” என்று சிரித்தார். “நாளிக்கு ஒம்போதுலேர்ந்து ரெண்டு வரிக்கும் கரண்ட் கட்டு. அஞ்சு மணி நேரமும் இங்க தான் நம்ம குடித்தனம்.”

வந்த வழியே திரும்பி நடந்தேன். கரையான்சாவடி நிறுத்தத்தில் ஆவடி பஸ் வந்து நின்றது, சாதாரண பஸ், பெண்களுக்கு இலவசம். ஏறவில்லை. அந்த நாற்காலியே கண்ணில் நின்றது. 2.35க்குத் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டார்.

“உங்க நைனாவுக்குத் தெரியுமா?”

“தெரியாதுண்ணா.”

“தெரிஞ்சப்புறம் நான் எப்டி ஓட்டுவேன் பாப்பா? எனக்கும் ரெண்டு பொண்ணு கீது. ராத்திரி பத்துக்குள்ள நீயே சொல்லிடு. இல்லாங்காட்டி நானே உங்க நைனாவுக்குப் போன் போடுவேன், சீட்டுல நம்பர் கீது.”

இப்போது மணி 9.50. இன்னும் சொல்லவில்லை. அதில் பொறித்திருப்பது அப்பாவின் எண். யார் தேய்த்தது என்று முதலாளி கேட்க மாட்டார். அப்பாவும் என் பேரைச் சொல்ல மாட்டார், அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மதிய வெயிலில் நிழலே கிடையாது, தண்ணீர் அவசியம். ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் சக்கரத்தின் விளிம்புக்கு நேராக நிற்காதீர்கள், சக்கரம் மாட்டியிருக்கும் தண்டின் பக்கம் நில்லுங்கள். பயந்து பாதியில் திரும்பிவிட்டால், பஸ் வந்தாலும் ஏறாதீர்கள்

பக்கத்து அறையில் அப்பாவின் போன் அடிக்கிறது. பத்துகூட ஆகவில்லை. ‘எந்த ஐஸ் கம்பெனி?’ என்கிறார். வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம். கதவைத் தட்டுகிறார். திட்டவில்லை. ‘எந்த பிளேடும்மா?’ என்றுதான்