வெண்டைக்காய்க்கு நடுவே ஒரு பந்து

இன்று மாலை கிழக்கேகோட்டையில் காய்கறிப் பையோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் துண்டுக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தார். என்ன அது என்று கேட்டேன்.

துண்டை விலக்கிக் காட்டினார். சின்ன வெள்ளைப் பந்து. துரைமார் கோல்ஃப் ஆடும் மைதானத்தை ஒட்டித்தான் அவர் வீடும் மரவள்ளித் தோட்டமுமாம்.

"இன்னைக்குக் காலத்த நம்ம மரச்சீனி விளையில கெடந்துது சாரே. ஆரும் காணதுக்கு முன்ன கரமனை ஆத்துல போடணும்."

எதற்கு என்றேன்.

"அடுத்த வீட்டுத் தங்கப்பன் விளையிலயும் இப்பிடித்தான் விழுந்துது. அடுத்த மாசம் சங்கிலி கொண்டு அளக்க வந்தாவ. இப்பம் அங்க வீடு இல்ல, புல்லு."

பந்து விழுவதால் நிலம் போகாது, மைதானத்தைப் பெரிதாக்க முன்னாலேயே பிளான் போட்டிருப்பார்கள் என்று விளக்கினேன். நான் ஆபீஸ் குமாஸ்தா அல்லவா.

"பிளான ஆரும் எங்களுக்குக் காட்டல்ல சாரே. நாங்க கண்டது பந்தத்தான்."

அப்போது ஒரு போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். துரையின் பந்தைத் திருடியதாகப் பிடிப்பார் என்று பயந்தாரோ என்னவோ, இவர் சட்டென்று இறங்கிவிட்டார். ஆறு இன்னும் வரவில்லை.

வீட்டில் காய்கறிப் பையைக் கவிழ்த்தேன். வெண்டைக்காய்க்கு நடுவிலிருந்து அந்தப் பந்து உருண்டது.

"நம்மாத்துக் கொல்லையில போட்டுடாதேங்கோ" என்றாள் மனைவி, நடந்ததைக் கேட்டுவிட்டு. பந்துக்கும் நிலத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கும் விளக்கினேன்.

இதை எழுதும்போதும் பந்து என் மடியில்தான் இருக்கிறது. தரையில் வைக்க மனம் வரவில்லை. ஆற்றில் போடலாம் என்றால் வழியில் போலீஸ் ஸ்டேஷன்.

பயமில்லாதவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.