ஊட்டி வளர்த்த புல்

அரையடி நீள ஸ்குரூடிரைவரைப் புல்தரையில் பிடிவரை செருகி, மெல்ல உருவி, இரண்டு விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்க்கிறார் டின்காரர். தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். மூக்கருகே கொண்டுபோகிறார். பிறகு கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நாலு எட்டுத் தள்ளிப் போய் மறுபடி செருகுகிறார். நலம் விசாரிப்பதெல்லாம் ஐந்தாறு குத்து முடிந்த பிறகுதான்.

புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஐம்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். தோள்பையில் கருவிகளைவிட, கழுவிக் காயவைத்த மீன் டின்கள்தான் அதிகம். அதனால் எங்கள் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாகிறது. ஊருக்கெல்லாம் தோட்டம் பார்க்கும் மனிதர், தன் வீட்டு முற்றத்தைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார். கேட்டால், "செடி வச்சா அதையும் பாத்துக்கணுமேம்மா" என்கிறார். முப்பத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்து, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டவள் நான். அந்தப் பதிலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அவரைக் கூப்பிட வேண்டி வந்தது குடிநீர் அலுவலகத்தின் கடிதத்தால். தோட்டத்துக்கு அளவுக்கு மேல் தண்ணீர் செலவாகிறது, அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வெளிக்குழாயை முத்திரையிட்டு மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். நான் அந்தப் புல்லை அழகுக்காக வைத்திருக்கவில்லை. பக்கவாதத்தில் இடது பக்கம் தளர்ந்துபோன என் தங்கை, வேறெங்கும் ஊன்றுகோலை நம்பி நிற்க மாட்டாள். விழுந்தாலும் அடிபடாது என்று புல்லில் மட்டும்தான் அடி எடுத்து வைக்கிறாள். அது காய்ந்து கட்டாந்தரையானால் அவள் மறுபடி நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிடுவாள்.

டின்காரர் முதல் நாள் எட்டு டின்களைப் புல்லில் பரப்பி வைத்துக் குழாயைத் திறந்தார். கால் மணி கழித்துப் பார்த்தால், நடுவில் இருந்தவற்றில் நகம் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. மதிலோரம் இருந்தவை நிரம்பி வழிந்தன. "சுவரு நல்லா வளந்திருக்கும்மா" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தெளிப்பான் தலையை இரண்டு திருகு திருகினார். இத்தனை வருஷமாக மதிலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த தண்ணீர் புல்லுக்கு வந்தது.

எப்போது, எவ்வளவு நேரம் விடுகிறேன் என்று கேட்டார். தினமும் மாலையில் பத்து நிமிஷம், ஒரு நாள் தவறியதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"அதாம்மா தப்பு. தினம் வாயில ஊட்டிவிட்டா அது எதுக்கு வேரைக் கீழ விடப்போகுது? மேலேயே உக்காந்து வாயைத் திறந்துட்டு இருக்கும்."

சுருக்கென்றது. கரண்டி பிடிக்க முடிந்தவருக்கு ஊட்டாதே என்று எத்தனையோ பயிற்சிப் பெண்களைக் கரித்துக்கொட்டியவள் நான்.

அவர் சொன்ன பத்தியம் இது. நாலு நாள் சொட்டுத் தண்ணீர் கூடாது. மிதித்த புல் நிமிராமல் காலடித் தடம் அப்படியே கிடந்தால்தான் அதற்குத் தாகம். அன்றைக்கு வெயில் ஏறுமுன், டின்னில் ஒரு விரற்கடை நிற்கும்வரை விட வேண்டும். அப்புறம் மறுபடி தடம் கிடக்கும்வரை குழாய்ப் பக்கமே போகக்கூடாது. புல்லை ஒட்ட வெட்டவும் கூடாது. நாலு விரல் உயரம் இருந்தால் அதன் நிழலிலேயே மண் ஈரம் காக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் மிதித்துப் பார்த்தேன். புல் நன்றாகவே நிமிர்ந்தது. ஆனாலும் வெளிறிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. எத்தனையோ பேரின் கடைசி மூச்சைக் கடிகாரம் பார்த்துக் குறித்தவளுக்குப் புல்லின் முகவாட்டம் பொறுக்கவில்லை. தங்கை நடக்கும் இடத்துக்கு மட்டும் குழாயைப் பிடித்தேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

மாலையில் டின்காரர் வந்து குத்தத் தொடங்கினார். நாலாவது குத்தில் கம்பியோடு சேறு வந்தது. பனியாக இருக்கும் என்றேன்.

"மத்தியானப் பனியாம்மா?"

சன்னலோரம் இருந்த தங்கைக்கு ஒரு வார்த்தை வாய்க்கு வர அரை நிமிஷமாவது ஆகும். அன்றைக்கு உடனே வந்தது. "அக்காதான்."

நாலு நாள் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கூப்பிடாமலே வந்தார். புல்லைக் குத்தவில்லை. ஸ்பேனரால் வெளிக்குழாயின் திருகுப்பிடியைக் கழற்றித் துடைத்தார். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய், தங்கையின் நாற்காலி முன் குந்தி, அவளுடைய இடது உள்ளங்கையில் அதை வைத்தார்.

"மிதிச்ச புல்லு நிமிரலன்னா நீங்களே எடுத்துக் குடுங்க சின்னம்மா. அதுவரைக்கும் இவங்க கேட்டாலும் குடுக்காதீங்க."

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கட்டைவிரல் மட்டும் வெளியே நின்றது. மடக்கிவிட என் கை போனது. டின்காரர் அந்தக் கையில் ஸ்பேனரைத் திணித்துவிட்டு, அவசரம் இல்லாமல் குந்தியபடியே இருந்தார்.